கடைசியாக எடுக்கிறவள்

ரெட்டியார்பாளையம்,
11 ஆகஸ்ட் 2024

அகஸ்டினா அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் எனக்கில்லை, அம்மாவுக்கு. "ரெண்டு மாசமா அவளுக்கு ஒரு வரி எழுதல, நீயெல்லாம் ஒரு தம்பியா?" என்பதைத் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். கன்னியர் மடம் எத்தனையோ இருக்க, போன் கொடுக்காத இடமாகத் தேடிப் போயிருக்கிறாய். கடிதத்தையும் உனக்கு முன்னால் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பொறுப்பான மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பிரித்துப் படிப்பார் என்று அப்பா சொன்னார். ஆகவே முதலில்: வணக்கம் சிஸ்டர். நான் ஆரோன், ப்ளஸ் ஒன், இவளுடைய ஒரே தம்பி. என்னைப் பற்றி இவள் சொன்ன எதையும் நம்ப வேண்டாம்.

இதோடு ஒரு பார்சல் வரும். நீ ஏற்காட்டுக்குப் போகும்போது பாதியில் விட்டுப்போன குரோஷே பின்னல், சாம்பல் நிற உல்லன், செருகிய ஊசியோடு அலமாரியில் கிடந்தது. ஒரு முனையைப் பிடித்து லேசாக இழுத்தேன். அடடா, என்ன சுகம்! சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. அத்தனை நூலையும் வகுப்புக்குக் கொண்டுபோய், கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சு வரை எல்லோருடைய பைகளையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டேன். பெல் அடித்ததும் வகுப்பே ரயில்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வெறும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். திட்டவில்லை. அதுதான் கோளாறு. திட்டியிருந்தால் நான் பாட்டுக்குப் பந்து விளையாடப் போயிருப்பேன். சரி என்று யூடியூபைப் பார்த்து அந்த நூலைத் திரும்பப் பின்ன உட்கார்ந்தேன். பின்னால்தான் தெரிந்தது, பின்னுவது சுலபமில்லை என்று. நடுவில் பந்து விளையாடக் கூப்பிட ஆரிப் வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா, யாருக்கு நூல் விடுற?"

"எங்க அக்காவுக்குடா."

"த்தூ" என்று போய்விட்டான்.

வந்தது மஃப்ளர். எப்படி நிறுத்துவது என்பதை வீடியோவின் கடைசியில்தான் சொல்கிறார்களாம். நான் கடைசிவரை பார்க்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளம்.

இதைக் குரோஷே என்று நினைத்து ஏமாறாதே. குரோதம். நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வராமல் வைத்திக்குப்பம் மணலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. நீ எல்லாவற்றையும் துறக்கப் போகிறாய், அந்த எல்லாவற்றில் நானும் ஒன்று என்றால், வந்து டாட்டா காட்டுவதற்கு நான் என்ன லூசா?

குளிருமாம். கழுத்தில் சுற்றிக்கொள்.

ஆரோன்


ஏற்காடு,
27 ஆகஸ்ட் 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஆரோன்,

கடிதமும் பார்சலும் வந்தன. எங்கள் மிஸ்ட்ரஸ், சிஸ்டர் ஜோவிதா, பதில் வணக்கம் சொல்லச் சொன்னார். படிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. படித்து முடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சிரித்ததாகக் கேள்வி.

மஃப்ளர் என்னிடம் இல்லை. கோபப்படாமல் மேலே படி. இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எது வந்தாலும், சோப்பானாலும் சாக்லேட்டானாலும், சாப்பாட்டறை மேசைமேல் வைத்துவிட வேண்டும். தேவையானவர் எடுத்துக்கொள்ளலாம். சமையல் செய்கிறவர், தோட்டத்தைப் பார்க்கிறவர் எல்லோரும் இதில் சேர்த்தி. எல்லோரும் பார்த்து வேண்டாம் என்று விட்டால்தான், அது யாருக்கு வந்ததோ அவருக்கு. கடைசி முறை அவருடையது.

உன் மஃப்ளரை சிஸ்டர் மார்த்தாவும் சிஸ்டர் செலினும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மஃப்ளர்தான். ஆனால் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் சொல்லும்போது இந்த முனை இவர் கழுத்திலும் அந்த முனை அவர் கழுத்திலும் இருக்கிறது. ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் எழ வேண்டும். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு கிடையாது என்பார்கள். இப்போது "எழுந்துக்கட்டுமா?" என்றாவது கேட்டுக்கொள்கிறார்கள்.

நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராததில் எனக்கு வருத்தம் இல்லை. வருகிற மே 17 அன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக இறைவனுக்கு வாக்குக் கொடுக்கும் நாள். அன்றைக்கு அம்மா அப்பாவோடு நீயும் வந்து நின்றால் போதும்.

அகஸ்டினா


ரெட்டியார்பாளையம்,
15 செப்டம்பர் 2024

அக்கா,

நான் என்ன அன்னதானமா போட்டேன், பந்தி வைத்துப் பரிமாற? விரல் வீங்கப் பின்னியது உன் கழுத்துக்கு. சிஸ்டர் மார்த்தா யார், சிஸ்டர் செலின் யார்? அவர்கள் பேசிக்கொண்டால் எனக்கென்ன, பேசாவிட்டால் எனக்கென்ன? மடத்துக்குப் போனது நீ, மடத்தனம் மட்டும் எனக்கா?

ஆகவே பந்தயம். மே 17-க்குள் நான் செய்த பொருள் ஒன்றாவது உன்னுடையதாக, உன் உடம்பில் இருக்க வேண்டும். இருந்தால் வருகிறேன். இல்லாவிட்டால் அம்மாவும் அப்பாவும் மட்டும் வருவார்கள். விளையாட்டு இல்லை. நீ வார்த்தைப்பாடு கொடுக்கிறாய், நான் வார்த்தை கொடுக்கிறேன்.

உங்கள் மேசையை வெல்ல வழி கண்டுபிடித்துவிட்டேன். யாரும் எடுக்காவிட்டால் கடைசி முறை உனக்குத்தானே? அப்படியானால் யாருமே தொடாததாகச் செய்தால் போயிற்று. இதோ ஒரு குல்லா. கத்திரிப்பூ நிறம், கிளிப்பச்சைக் கரை, மேலே இரண்டு கொம்பு. ஒரு கொம்பு நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று யோசித்துக்கொண்டிருக்கும். கன்னியர் மடத்தில் கொம்பு வைத்த குல்லாவை எவர் தலையில் வைப்பார்? தூங்கும்போது போட்டுக்கொள். சாத்தான் எட்டிப் பார்த்தாலும், நம்ம ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று போய்விடுவான்.

அப்பா கதிர்காமத்தில் டியூட்டி முடித்து வந்து இதைப் பார்த்தார். நாள் முழுக்க ஆஸ்பத்திரி லிஃப்டில் மேலும் கீழும் போய்வருகிற மனிதர், எதற்கும் அசராதவர், இதற்கு அசந்துவிட்டார்.

"இன்னாடா இது, மாடா?"

"இல்லப்பா, அக்கா."

ஆரோன்


ஏற்காடு,
6 அக்டோபர் 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஆரோன்,

குல்லா மேசைமேல் வந்ததும் எல்லோரும் கொஞ்சம் விலகி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாளும் அப்படியே இருந்தது. நான் கையை நீட்டவில்லை. ஆனால் அது எனக்குத்தான் என்று மனதுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

எங்கள் தோட்டத்தைப் பார்ப்பவர் காத்தவராயன் அண்ணன். ஆரஞ்சு மரத்தில் ஒரு பழத்தையும் குரங்குகள் விட்டுவைப்பதில்லை என்று தினமும் புலம்புவார். காப்பி குடிக்க உள்ளே வந்தவர் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரும் எடுக்கலீங்களா சிஸ்டர்? தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு ரொம்ப உபயோகப்படுங்க."

அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது மரத்தடியில் நிற்கிறார். குரங்குகள் கிட்டே வருவதில்லை. பெரிய ஆண்குரங்கு ஒன்று மட்டும் வந்து, எதிரே உட்கார்ந்து, வெகுநேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனதாம். இந்த வருடம் எங்களுக்கு ஆரஞ்சு கிடைக்கும். சிஸ்டர் ஜோவிதா நன்றி சொல்லச் சொன்னார்.

பந்தயம் வேண்டாம், தம்பி. நீ வருவதை ஒரு பொருளில் கட்டித் தொங்கவிடாதே.

அகஸ்டினா


ரெட்டியார்பாளையம்,
18 டிசம்பர் 2024

அக்கா,

இந்தக் கடிதம் தபால் வழியாக வராது. அம்மா கொடுத்தனுப்பும் அதிரச டப்பாவின் அடியில், காகிதத்துக்குக் கீழே இருக்கும். சிஸ்டர் ஜோவிதா, இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால் நான் தோற்றேன். அதிரசம் எப்படி?

மேசை பார்சலுக்குத்தான். டப்பாவுக்கு அடியில் இருப்பது பார்சல் ஆகாது, பரம ரகசியம். கறுப்பு சாக்ஸ் ஒரு ஜோடி. உன் கால் அளவு எனக்குத் தெரியும். செருப்புக் கடையில் உன்னைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம் அனுப்புவார்களே, அந்த அளவு. ஷூவுக்குள் போட்டால் யாருக்குத் தெரியும்? கர்த்தருக்குத் தெரியும் என்பாய். அவர் சொல்ல மாட்டார்.

வீட்டில் குடில் வைத்தாகிவிட்டது. நீ இல்லாததால் மலையும் ஆறும் இந்த வருடம் என் கைவண்ணம். மலை கொஞ்சம் ஆற்றுக்குள் போய்விட்டது. மாட்டை நான் குழந்தையைப் பார்த்து வைக்கவில்லை, வாசலைப் பார்த்து வைத்திருக்கிறேன். அம்மா காலையில் திருப்பி வைப்பாள், நான் சாயங்காலம் மறுபடி வாசல் பக்கம் திருப்புவேன். எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தால், வாசலை யார் பார்ப்பது?

ஆரோன்


ஏற்காடு,
12 ஜனவரி 2025

இயேசுவுக்கே புகழ்.

ஆரோன்,

சாக்ஸைப் போட்டேன். திருவிழாப் பூசைக்கும் போட்டுக்கொண்டேன். கச்சிதமாக இருந்தது. குதிகாலில் நீ எப்படித் திருப்பினாய் என்று இன்னும் புரியவில்லை, எனக்கு அது வரவே வராது.

அதற்குப் பிறகு என்னால் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை. சிஸ்டர் செலின் வெறுங்காலோடு தரையில் நிற்பதைப் பார்ப்பேன், உடனே என் காலைப் பார்ப்பேன். சின்ன விஷயம்தான். சின்ன விஷயம் என்பதால்தான் தாங்கவில்லை. துவைத்துக் காயவைத்து நானே கொண்டுபோய் மேசைமேல் வைத்து, எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். சிஸ்டர் ஜோவிதா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதிரசம் உங்க அம்மா சுட்டதா?"

என் கால் அளவு யாருக்கும் சேராது, திரும்ப எனக்கே வரும் என்று ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது. சமையல் செய்யும் கலைமகள் அக்காவின் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு அப்படியே பொருந்திவிட்டது.

இனி எதையும் ஒளித்து அனுப்பாதே. நான் இங்கே ஒளிய வரவில்லை.

இன்னொன்று. நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராததில் வருத்தம் இல்லை என்று முன்பு எழுதினேன். அது பொய். விழுப்புரம் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், நீ யாருடைய வண்டியிலாவது துரத்திக்கொண்டு வந்து ஏதாவது கோமாளித்தனம் செய்வாய் என்று. விழுப்புரத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.

அகஸ்டினா


ரெட்டியார்பாளையம்,
2 பிப்ரவரி 2025

அக்கா,

சரி. மூன்று ஆட்டம், மூன்றிலும் உங்கள் மேசை ஜெயித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு எனக்கு வழக்கு இல்லை. ஊசியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

மே 17-க்கு நான் வரவில்லை. சொன்ன வார்த்தை சொன்னதுதான். அம்மா அழுது பார்த்தாள், அப்பா அழாமல் பார்த்தார். இரண்டும் வேலைக்கு ஆகவில்லை.

நீ ஜன்னல் வழியாகப் பார்த்ததை எனக்கு ஏன் எழுதினாய்? நான் பாட்டுக்கு நன்றாக இருந்தேன்.

ஆரோன்


ஏற்காடு,
16 பிப்ரவரி 2025

இயேசுவுக்கே புகழ்.

ஆரோன்,

எழுதியது உண்மை என்பதால் எழுதினேன். உன் வார்த்தை உன்னிடமே இருக்கட்டும். நான் மறுபடி கேட்கமாட்டேன்.

பரீட்சைக்குப் படி.

அகஸ்டினா


ரெட்டியார்பாளையம்,
5 மார்ச் 2025

மதிப்பிற்குரிய சிஸ்டர் ஜோவிதா அவர்களுக்கும், அவர் கை கடந்து அக்காவுக்கும்,

எங்கள் பள்ளியில் புள்ளியியல் புராஜெக்ட். ஒரே கூரையின்கீழ் வாழும் எல்லோருக்கும் பிடித்த நிறம் எது என்று கண்டறிய வேண்டும். எங்கள் வீட்டில் ஆள் போதவில்லை, ஒருத்தி குறைந்துவிட்டாள். ஆகவே உங்கள் வீட்டில் இருக்கிறவர்கள் அத்தனை பேரின் பெயரும், பிடித்த நிறமும் தேவை. தோட்டக்காரரையும் சமையல்கார அக்காவையும் அவர் மகளையும் விட்டுவிட வேண்டாம். குரங்குகள் தேவையில்லை.

மதிப்பெண் உண்டு. அவசரம்.

ஆரோன், ப்ளஸ் ஒன்


ரெட்டியார்பாளையம்,
25 ஏப்ரல் 2025

அக்கா,

புராஜெக்ட் பொய். நீ கண்டுபிடித்திருப்பாய். கண்டுபிடித்தும் அத்தனை பேரையும் விசாரித்து, சிஸ்டர் மார்த்தாவுக்கு "கறுப்பில்லாத எதுவும்" பிடிக்கும் என்பது வரை எழுதினாயே, அதற்கு நன்றி.

நடந்தது இது. ஊசியை மூட்டை கட்டிய கதையை ஆரிப்பிடம் சொன்னேன். அவன் கணக்கில் புலி. கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"டேய், கடைசி முறை அவங்களோடதுதானே?"

"ஆமாம்."

"அப்போ எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சு அனுப்பேன்டா. எல்லாரும் எடுத்தப்புறம் மிச்சம் ஒண்ணு இருக்கும். அத எவன் எடுக்கப்போறான்? இதுக்குப் போயி கொம்பு வச்சியாடா நீ?"

நான் ஐந்தாறு மாதம் மேசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் பரோட்டா பிய்த்துக்கொண்டே முடித்துவிட்டான்.

ஆளுக்கு ஒரு மஃப்ளர். இந்த முறை வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன், அளவாகவே நிற்கும். நான் ஒருவனாகச் செய்திருந்தால் உன் பொன்விழாவுக்குத்தான் முடியும். ஆரிப்பும் ஊசி பிடித்தான். நோன்பு மாதத்தில் மிச்சமிருந்த நாளெல்லாம், இது கையில் இருந்தால் பசி தெரியவில்லை என்று சாயங்காலங்களில் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து பின்னினான். அவன் தங்கை ஸமீஹா எங்களைவிட வேகம், அழகும் கூட. அதைப் பற்றி மேலே பேச வேண்டாம். அம்மா ஓரம் கட்டினாள். அப்பாவுக்குச் சங்கிலிப் பின்னல் மட்டும்தான் வருகிறது. லிஃப்டில் ஸ்டூலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே வருவாராம். மூன்றாம் மாடியில் இறங்க வேண்டியவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நான்காம் மாடி போகிறார்களாம்.

வெள்ளை, ஆரஞ்சு, இலைப்பச்சை, ரோஸ் என்று நீ எழுதியது எழுதியபடி. எல்லோருக்கும் பெயர் எழுதிச் செருகியிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவரும் நீலம் சொல்லவில்லை. நீலம் ஒன்று இருக்கிறது, பெயரில்லாமல். அது முழுக்க என் கை, இன்னொருவர் தொடவில்லை. எல்லோரும் எடுத்த பிறகு மேசையில் அது மட்டும் இருக்கும். உங்கள் வழக்கப்படியே, ஒளிக்காமல், நேர்வழியில்.

எடுத்துக்கொள். எழுது. அப்பா எனக்கும் சேர்த்து டிக்கெட் போடத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

ஆரோன்


ஏற்காடு,
4 மே 2025

இயேசுவுக்கே புகழ்.

என் தம்பிக்கு,

மூட்டை நேற்று வந்தது. சாயங்காலம் மேசைமேல் பரப்பினோம். மேசை இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. சிஸ்டர் மார்த்தா மஞ்சளை எடுத்துக் கண்ணாடி தேடினார். இந்த வீட்டில் கண்ணாடி ஒன்றே ஒன்று, அதுவும் உள்ளங்கை அகலம். வரிசையில் நின்று பார்த்தார்கள். காத்தவராயன் அண்ணன் குல்லாவைக் கழற்றாமல் அதற்குமேல் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். சிஸ்டர் ஜோவிதா வெள்ளையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே என்னைப் பார்த்து, "இப்ப உன் முறை" என்றார்.

நீலம் மட்டும்தான் இருந்தது. தொட்டேன். அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மடத்தில் சேர இன்றைக்கு வரவேண்டிய புதுப்பெண் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டாள். பெயர் பெனிஷா, காரைக்கால் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். மலைக்கு வருவது இதுதான் முதல் தடவை, வழியெல்லாம் கோடை மழை. பருத்திப் புடவை, தோளில் ஒரு துண்டு. பல் கிடுகிடுக்க நின்றாள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கடைசி முறை என்னுடையது, ஆனால் இப்போது அவளுக்கு அப்புறம்தான் நான். நானே கொண்டுபோய் அவள் கழுத்தில் சுற்றினேன்.

"உங்களுது இல்லீங்களா சிஸ்டர்?" என்றாள். இல்லை என்றேன். இந்தத் தடவை அது பொய்யில்லை.

ஆக, என்னிடம் ஒன்றும் இல்லை, ஆரோன். உன் பந்தயப்படி நீ வரவேண்டியதில்லை. மறுபடி கேட்கமாட்டேன் என்றும் நான் எழுதிவிட்டேன். வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறவள் கொடுத்த வார்த்தையை மீறக்கூடாது.

மீறுகிறேன். வா.

டினா


ரெட்டியார்பாளையம்,
9 மே 2025

டினா,

உன் கடிதத்தை ஆரிப்பிடம் காட்டினேன். "இன்னும் ஒண்ணு போடுடா, ரெண்டு நாள் வேலை" என்றான். ஊசியை எடுத்தேன். பிறகு யோசித்தேன். நான் அதை முடித்து அனுப்புவதற்குள் உங்கள் வாசலில் இன்னொரு ஆட்டோ நிற்கும். அதில் இன்னொருத்தி நடுங்கிக்கொண்டு இறங்குவாள். நீ எடுத்துக் கொடுப்பாய். நீ அப்படித்தான். அது உங்கள் வீட்டு வழக்கம் என்று இத்தனை நாள் நான் மேசைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். மேசை பாவம்.

ஆகவே இந்த முறை பார்சல் இல்லை. 16-ஆம் தேதி அம்மா, அப்பாவோடு கிளம்பி வருகிறேன். நான் தோற்றதாக நினைக்க வேண்டாம். நீ வார்த்தை மீறினாய், நானும் மீறினேன், ஆட்டம் டிரா.

சிஸ்டர் ஜோவிதாவுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து எது வந்தாலும் மேசைமேல் வைக்க வேண்டும் என்பது வழக்கம் அல்லவா? வந்ததும் என்னைத் தூக்கி அதன்மேல் உட்காரவையுங்கள். உயரம் ஐந்தடி ஏழு. அப்பா நிறம், துவைத்தாலும் சாயம் போகாது. கொம்பு இல்லை. வால் உண்டு என்று அம்மா சொல்கிறாள். கழுத்துக்குச் சுற்ற முடியாது, காலுக்கு ஆகாது, குரங்கு பயப்படுமா என்பது தெரியவில்லை. முழுக்க வீட்டில் செய்தது.

எல்லோரும் வரிசையாக வந்து நிதானமாகப் பார்க்கட்டும். பெனிஷாவும் பார்க்கட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்களே அறிவியுங்கள் சிஸ்டர்.

ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

ஆரோன்